மீன் இல்லாத மீன் கடை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாயால் நீங்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால், மிச்சம் மீதி மரியாதையாவது தேறும்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில், மீன் விற்கும் பகுதியில், ஒரு நெத்திலிகூடக் கையில் இல்லாமல் மீன் கடை போட்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான்.

கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைதான் ஆசனம். முன்னால் ஒரு தட்டுத் தராசு. பக்கத்தில் அருவாமனை, அதைத் தொடக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. வழுக்கையில் மழை சொட்டாமல் இருக்க ஜவுளிக்கடைப் பை ஒன்றைத் தலையில் மாட்டியிருந்தேன். காலடியில் மழைத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் செதிலும் கலந்து ஒரு குட்டி ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், மீனு எங்க?" என்று ஒருவர் குனிந்து தராசுத் தட்டைப் பார்த்தார்.

"வரும்."

"எப்ப?"

"கடல் அடங்கினதும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்டவர்களிடம் அதிகம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதுபோல் நகர்ந்தார்.

அடுத்து வந்தவர் தெரிந்த மனிதர். தட்டாஞ்சாவடியில் சோப்பு டப்பா செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது என் கீழே வேலை பார்த்தவர். குடையை மடக்கிக்கொண்டு என் எதிரிலேயே நின்றுவிட்டார். "சார், ரிட்டயர் ஆன பணம் அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். கூட வந்த அவர் மனைவி, சட்டைப்பையிலிருந்து எனக்கு ஏதாவது எடுத்துக் கொடுக்கும்படி அவருக்குச் சைகை காட்டுவது எனக்கும் தெரிந்தது.

வாயால் வந்த விருந்தாளிகள்

இதற்கெல்லாம் காரணம் அஞ்சலை. இல்லை, காரணம் என் வாய்.

இருபது வருடமாக நான் மீன் வாங்குவது அஞ்சலையிடம்தான். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். எங்களில் யார் மூத்தவர் என்கிற வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. எங்கள் முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து கிழக்கே நடந்தால் கடல். கடலை ஒட்டி அவருடைய குப்பம்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும், மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, "புயல் கியல் வந்தா யோசிக்காம நம்ம வூட்டுக்கு வந்துடுங்க அக்கா" என்று சொல்வேன். காசா பணமா, சும்மா சொல்வதுதானே. சொன்னால் பையில் ஒரு சங்கரா மீன் அதிகமாக விழும்.

அந்த வருடம் புயல் நிஜமாகவே வந்தது. அரசாங்கம் திறந்துவிட்ட பள்ளிக்கூடங்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். வாசலில் அஞ்சலை. அவருக்குப் பின்னால் கணவர் மாரி, இரண்டு பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று மொத்தம் ஒன்பது பேர். எல்லோரும் நனைந்து, ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார்கள்.

"நீதான்ணே சொன்ன" என்றார் அஞ்சலை.

நான்தான் சொன்னேன். இருபது வருடமாகச் சொன்னேன்.

அவர்கள் வந்ததுகூடப் பரவாயில்லை. பிள்ளைகள் இருவரும் தோளில் ஒரு மூங்கிலைச் சுமந்து வந்தார்கள். அதில் சாக்குச் சுற்றிய ஏதோ ஒன்று தொங்கியது. படகு இன்ஜின். அதை நேராக உள்ளே கொண்டுபோய் என் கட்டிலில் படுக்கவைத்து, என் போர்வையை எடுத்துப் போர்த்தினார் மாரி.

"கீழ வைக்கலாமே" என்றேன்.

"இன்ஜினுக்கு ஈரம் ஆவாது சார்."

"எனக்கும் ஆவாதுங்க."

"நீங்க துருப் புடிக்க மாட்டீங்க" என்றார். நியாயமாகத்தான் இருந்தது.

ரயில் பெட்டி ராஜ்ஜியம்

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா காலத்தில் அது ஒரு வீடு. பாகம் பிரித்த பிறகு நான்கு வீடுகள். எனக்கு வந்த பாகம் ரயில் பெட்டி மாதிரி நீளமாக, குறுகலாக இருக்கும். எதிரில் ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் பாசி பிடித்த படிக்கட்டு, கடைசியில் எல்லோருக்கும் பொதுவான ஒரே கழிவறை.

எங்கள் ஊரே அப்படித்தான். வடக்கே போனால் டீக்கடை புதுச்சேரி, எதிர்ச்சாரியில் பஞ்சர் கடை தமிழ்நாடு. டீ குடித்துவிட்டு பீடி பற்றவைக்க ரோட்டைத் தாண்டினால் ஆட்சி மாறிவிடும். துண்டு துண்டாகக் கத்தரித்துப் போட்ட இந்தச் சின்ன இடத்துக்குத்தான் காலம் காலமாக ஆட்கள் ஓடி வருகிறார்கள். வெள்ளைக்கார போலீசுக்குப் பயந்து ஓடி வந்தார்கள். இப்போது சனி ஞாயிறுகளில் தாகத்துக்குப் பயந்து ஓடி வருகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கே அப்படி ஒருவர் வந்திருக்கிறார். தாத்தாவின் சித்தப்பா மகன், சைகோனில் உத்தியோகம் பார்த்தவர். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது, இவரும் கப்பல் ஏறி, மனைவி, இரண்டு பெண்கள், டிரங்குப் பெட்டி, ஒரு கிளி சகிதம் வந்து இறங்கினார். "நாலு நாள் இருந்துட்டுப் போறோம்" என்றாராம். அவருடைய இரண்டு பெண்களுக்கும் எங்கள் வீட்டில்தான் கல்யாணம் நடந்தது. விடியற்காலையில் எழுந்து, வரிசையாகப் படுத்திருப்பவர்களைத் தாண்டிப் போகும்போது, ஒவ்வொரு தலைக்கும் குனிந்து "பர்தோன், பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டபடியே போவாராம். அப்பா சொல்லிச் சிரிப்பார். அந்தக் கிளிகூடக் கடைசியில் பர்தோன் மட்டும்தான் பேசியதாம்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் மனைவி வழிச் சொந்தங்களைப் பற்றி எழுதியதற்கு வீட்டில் இன்னும் சரியாகச் சோறு போடவில்லை. அதனால் என் வழிச் சொந்தத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கக்கூஸ் டோக்கன்

அடைக்கலம் கொடுப்பது முதல் நாள் பெருமையாக இருக்கும். நானே இரண்டு முறை வாசலுக்குப் போய், அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.

இரண்டாம் நாள் கரண்ட் போயிற்று. மோட்டார் ஓடவில்லை. மேலே தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. கேஸ் சிலிண்டர், யாரையும் கலந்தாலோசிக்காமல், குழம்பு பாதி கொதிக்கும்போது உயிரை விட்டது. கழிவறை வாசலில் நின்ற வரிசை சமையலறையைத் தாண்டி நீண்டது. என் மனைவி சரோஜா பழைய ரேஷன் கார்டு அட்டையைக் கத்தரித்து டோக்கன் போட்டார். எனக்கு வந்த டோக்கன் கடைசி.

"நான் வீட்டுக்காரன்" என்றேன்.

"வூட்டுக்காரன்னா மொட்டமாடிக்குப் போய் நில்லுங்க. வாயத் தொறந்து ஊரையே கூப்பிட்டது யாரு?" என்றார் சரோஜா.

ராத்திரி பெட்ரோல் வாசனை அடிக்கும் கட்டிலுக்குக் கீழே, தரையில், மாரியின் குறட்டைக்கும் மழைக்கும் நடுவே படுத்துக்கொண்டு, நல்லவனாக இருப்பதை எத்தனை நாளைக்குள் நிறுத்திக்கொள்ளலாம் என்று யோசித்தேன். இதை அஞ்சலையிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் சமையலறையில் வேறு கதை நடந்தது. ஸ்டவ்வுக்குப் பதிலாக மூலையில் செங்கல் வைத்து விறகு மூட்டினார் அஞ்சலை. சரோஜா தேங்காய் அரைத்தார். இருவரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது, நடுநடுவே எழுந்த சிரிப்பிலிருந்து தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சரோஜா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஆளு வேணும்

மழை கொஞ்சம் ஓய்ந்த அன்று காலை மாரிக்குப் போன் வந்தது. ஒன்று கெட்ட செய்தி: படகு கரையில் மோதிப் பக்கவாட்டில் உடைந்து கிடக்கிறது. இன்னொன்று: மூடிக் கிடந்த மார்க்கெட்டைத் திறந்துவிட்டார்கள்.

ஆண்கள் மூவரும் படகைப் பார்க்க ஓடினார்கள். அஞ்சலை கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினார். ஓடியது மூன்று படி. நான்காவது படியில் பாசி. வருடக்கணக்காக, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லி சரோஜா சொல்லிக்கொண்டிருந்த அதே படி. கணுக்கால் பொங்கிய இட்லி மாதிரி வீங்கியது.

அஞ்சலை வலிக்கு அழவில்லை. "எடம் போச்சு" என்று அழுதார்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. மார்க்கெட் தரையில் யார் எங்கே உட்கார்வது என்பதற்குப் பட்டா கிடையாது. வழக்கம்தான் பட்டா. அஞ்சலையின் இடம் மாமியாரிடமிருந்து வந்தது. சாதாரண நாளில் ஒருநாள் வராவிட்டால் பாதகமில்லை. ஆனால் புயலுக்கோ திருவிழாவுக்கோ அடைத்துத் திறக்கிற நாளில், எந்த இடத்தில் யார் முதல் போணி பண்ணுகிறார்களோ, அன்றுமுதல் அந்த இடம் அவர்களுடையது.

"படகு ஒடைஞ்சு கெடக்குது. அத சரி பண்ற வரைக்கும் அந்த எடம்தான்ணே எங்களுக்குச் சோறு" என்றார். மருமகள்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி, இன்னொருத்திக்குக் காய்ச்சல். அஞ்சலையின் பார்வை வீட்டைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. "கூடைய வச்சா செல்லாது. கல்ல வச்சா செல்லாது. ஆளு வேணும்."

"நான் ஆளா?"

"வேற இன்னா பண்றது" என்றார்.

உத்தரவுகள் வந்தன. காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் ஆட்டோவில் வந்துவிடுவார். சின்ன மகன் ஹார்பரில் லாரியில் வந்த ஐஸ் மீன் கொஞ்சம் வாங்கி வருவான். போணியை அவரே பண்ணுவார். அதுவரை நான் எதையும் விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது.

"முக்கியமா அந்த மல்லிகா. எடது பக்கத்துக்காரி. வருசத்துக்கு ஒரு சாண் நகர்றா. நீ மலை மாதிரி ஒக்காரணும்."

மலை நகர்ந்த கதை

மல்லிகா மிக அன்பானவர். நான் உட்கார்ந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியுமா. "அஞ்சலைக்குக் கால்ல அடியா, ஐயோ பாவம்" என்று வருத்தப்பட்டுக்கொண்டே மீன் போடும் பிளாஸ்டிக் டப்பு ஒன்றை இந்தப் பக்கம் தள்ளினார். "காலக் கொஞ்சம் எடுங்க சார்" என்றார். எடுத்தேன். மலை ஒரு சாண் நகர்ந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். தலையில் தகரப் பெட்டி. சேலை முழங்கால்வரை சேறு. ஒவ்வொரு கடையிடமும் குனிந்து ஏதோ கேட்டாள். ஒவ்வொருவரும் தலையை ஆட்டினார்கள். கடைசியாக என்னிடம் வந்தாள். மார்க்கெட்டிலேயே ஏமாளி முகம் எது என்று தூரத்திலேயே தெரிந்திருக்கும்.

"அண்ணை, இதில ஒரு ஓரமா இருக்கட்டே? பேந்து கொஞ்ச நேரத்தில எழும்பிடுவன்."

எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம், கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்திருந்தாள். பெயர் செல்வராணி. அப்பா அம்மா மன்னார்க்காரர்கள். இவள் பிறந்ததே முகாமில். ரோட்டோரத்தில் ஒரு மரத்தடியில் கருவாடு விற்பாளாம்.

"என்ர மரம் விழுந்திட்டுது" என்றாள். வீட்டின் கூரைத் தகரமும் பறந்துவிட்டதாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்களாம். அதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னாள். மரத்தைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

எனக்கு நெஞ்சு விரிந்தது. வீட்டில் ஒன்பது பேரையும் ஒரு இன்ஜினையும் தாங்குகிறவன் நான். ஒரு தகரப் பெட்டியைத் தாங்க மாட்டேனா. "தாராளமா உக்காரும்மா" என்று என் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். தாராளம் என்னுடையது, இடம் வேறொருவருடையது என்பது அந்த நிமிடம் தோன்றவே இல்லை.

பெட்டியைத் திறந்தாள். பாலிதீனில் சுற்றி வைத்த நெத்திலி, வாளை, வஞ்சிரம், எல்லாம் கருவாடு. ஒரு சொட்டு ஈரம் படவில்லை. ஆனால் தராசு இல்லை.

"இத வச்சிக்க" என்று அஞ்சலையின் தராசை அவள் பக்கம் நகர்த்தினேன். அதோடு விட்டேனா. தர்மத்தை முழுசாகச் செய்ய வேண்டாமா. "நானே போணி பண்றேன்" என்று கால் கிலோ நெத்திலி கேட்டு நோட்டை நீட்டினேன். செல்வராணி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, தராசுத் தட்டைத் தொட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போணி ஆயிடுச்சு" என்று மல்லிகா சொன்னது நான்கு வரிசை தாண்டிக் கேட்டது. "எல்லாரும் பாத்துக்குங்கடி. அஞ்சலை எடத்துல அந்தப் பொண்ணு போணி பண்ணிடுச்சு. பண்ண வச்சதே அஞ்சலை அனுப்பின ஆளு."

கையிலிருந்த நெத்திலிப் பொட்டலம் கனத்தது. மல்லிகாவின் கணக்கும் புரிந்தது. அஞ்சலையை அசைக்க முடியாது. ஆனால் கேட்பார் இல்லாத ஒரு முகாம் பெண்ணை நாலே நாளில் கிளப்பிவிடலாம்.

இதற்குள், பச்சை மீன் கிடைக்காமல் பைகளோடு அலைந்த சனம் கருவாட்டைப் பார்த்துவிட்டது. கூட்டம் மொய்த்தது. செல்வராணிக்குக் கை போதவில்லை. வேறு வழியில்லாமல் நான் பொட்டலம் கட்டினேன். ஒரு பொட்டலம் கட்டும்போது பார்த்தால், இதே இதழின் பழைய பக்கம், இதே தொடர், என் போட்டோ. முகத்தின் மேலேயே நூறு கிராம் வாளையை வைத்து மடித்தேன். அந்தப் பக்கத்தை அதற்குமுன் யாரும் அத்தனை ஆசையாகக் கையில் வாங்கிப் போயிருக்க மாட்டார்கள்.

தராசு யாருது

ஆட்டோ வந்து நின்றது. அஞ்சலை சின்ன மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து வந்தார். அவன் கையில் மீன் கூடை.

"யாருண்ணே இது?"

"முகாம்லேருந்து வந்திருக்காங்க அக்கா. மரம் விழுந்துடுச்சு."

"எந்த மரம்?"

"அவங்க மரம்."

"உன்ன ஒக்காரத்தான சொன்னேன்?"

"ஒக்காந்துதான் இருந்தேன்."

"எங்க?"

குனிந்து பார்த்தேன். என் கூடை சாக்கடை மேல் இருந்தது. எனக்குக் கீழே அஞ்சலையின் இடம் ஒரு விரற்கடைகூட இல்லை.

"போணி ஆயிடுச்சு அஞ்சலை" என்றார் மல்லிகா. "நான் சொல்லல, எல்லாரும் பாத்தாங்க. வழக்கம்னா எல்லாருக்கும் வழக்கம்தான்."

அஞ்சலையின் முகம் வெளிறிப்போனது. செல்வராணிக்கு விஷயம் பிடிபட்டது. பெட்டியை மூடினாள். "நான் போறன் அக்கா. எனக்குத் தெரியாது" என்று எழுந்தாள். எழுந்து போய்ப் பழகியவர்கள் எப்படி எழுவார்களோ, அப்படி எழுந்தாள்.

அஞ்சலை அவளையே பார்த்தார். சேறு படிந்த சேலையை, பெட்டியை, வெளியே மறுபடி பிடித்துக்கொண்ட மழையை. எங்கள் வீட்டு வாசலில் ஒரு சாயங்காலம் நனைந்து நின்றவர் அவர்.

"நீ இரு" என்றார். மல்லிகா பக்கம் திரும்பினார். "போணி எந்தத் தராசுல ஆச்சு?"

மல்லிகாவின் கண் தராசுக்குப் போனது.

"இதுலதான்" என்றேன் நான். அன்று முழுவதும் நான் பேசியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

"இது யாரு தராசு? எங்க மாமியா தராசு. என் தராசுல வுழுந்த போணி எனக்கு வுழுந்த போணி. நான் வரதுக்குள்ள என் ஆளு வித்துருக்குது. அவ்ளோதான்."

"அவ உன் ஆளா?"

"ஆமா. இன்னையிலேருந்து."

எதிர் வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மூத்த வியாபாரி ஒருவர், எச்சிலைத் துப்பிவிட்டு, "தராசுக்காரிக்குத்தான்டி போணி" என்றார். அங்கே அதற்குமேல் அப்பீல் கிடையாது போலிருக்கிறது. எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

அஞ்சலை நல்ல காலால் மல்லிகாவின் டப்பைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். காலியான அந்த ஓரத்தில் செல்வராணியை உட்காரவைத்தார். "இங்க ஒக்காரு. இந்தக் கோட்டத் தாண்டி அந்த டப்பு வந்துதுன்னா முட்டியால இடி."

"ஓம் அக்கா."

"நல்லா வேலியக் கொண்டாந்து நட்டுட்ட" என்றார் மல்லிகா. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எடுத்துக்கொள்ள முடியாமல் போன அந்த ஒரு சாணைப் பார்த்து மறுபடியும் சிரித்தார்.

"மழை விட்டதும் எழும்பிடுவன் அக்கா" என்றாள் செல்வராணி.

"உன் மரம் திரும்ப மொளைக்கிற வரைக்கும் இரு."

"அது புளியமரம் அக்கா."

"மெதுவா மொளைக்கட்டும்" என்றார் அஞ்சலை, கூடையிலிருந்து முதல் மீனை எடுத்துத் தட்டில் போட்டபடி.

பிறகு

கரண்ட் வந்தது. தண்ணீர் வடிந்தது. ஒன்பது பேரும் குப்பத்துக்குத் திரும்பினார்கள். இன்ஜின் கடைசியாகப் போனது. கட்டில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. பெட்ரோல் வாசனை இன்னும் போகவில்லை. படியை நான் தேய்த்துவிட்டேன். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. எந்நேரமும் காலியாக இருந்த கழிவறையைப் பார்த்து சரோஜா ஒருநாள், "வெறிச்சுன்னு இருக்குல்ல" என்றார்.

எனக்கும் பொழுது போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன்.

அஞ்சலை முன்னால் கூட்டம். பச்சை மீன் வாங்கியவர்கள் அப்படியே பக்கத்தில் கருவாடும் வாங்கினார்கள். செல்வராணியின் முழங்கால் மல்லிகாவின் டப்பை ஒட்டி அசையாமல் இருந்தது. மூவரும் யாரையோ பற்றிப் பேசி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்; என்னைப் பார்த்ததும் நிறுத்தியதால், யாரைப் பற்றி என்று கேட்கவில்லை.

"அக்கா, நான் வூட்ல சும்மாதான் இருக்கேன்" என்றேன். "நாளையிலேருந்து வந்து, ஒரு ஓரமா ஒக்காந்து, பொட்டலம் கட்டித் தரட்டுமா?"

அஞ்சலை அருவாமனையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எடம் இல்லண்ணே."